பாதி டம்ளர் குளுக்கோஸ்

மார்ச் 4

அன்புச் சிட்டு,

இந்த அகாலத்துல எழுதுறதுக்குக் கோவிச்சுக்காதே. வாண்டு இப்பத்தான் கண்ணசந்தான். போன்ல சொன்னா உன் வீட்டுக்காரர் காதுல விழும்.

மாசமா இருக்கிற எல்லாருக்கும் பண்ற சர்க்கரை டெஸ்ட்டுக்கா இவ்வளவு பயம்? குளுக்கோஸ் தண்ணி குமட்டத்தான் செய்யும். பாதியைக் குடி, மீதியை வாஷ்பேசின்ல ஊத்திடு. நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வாண்டு வயித்துல இருந்தப்போ நானும் அப்படித்தான் பாஸானேன்.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செஞ்சேன். ரிசல்ட் நார்மல். நர்ஸ் "சமத்து"ன்னு சொன்னப்போ சிரிப்பை அடக்க முடியல. நீ இல்லேன்னா அங்கேயே வாந்தி எடுத்து மானம் போயிருக்கும். இப்போ ரெண்டு பேருக்குச் சாப்பிடுறேன்னு சொல்லி ஐஸ்கிரீமா வெட்டுறேன். வாண்டுக்கு முத்தம்.

சிட்டு

மார்ச் 27

சிட்டும்மா,

நேத்து உன் ரிசல்ட்டை நம்பாதேன்னு நான் பேச ஆரம்பிச்சதுமே கோவிச்சுக்கிட்டுப் போனை வச்சுட்டே. அப்புறம் எடுக்கவே இல்ல. அதனால முழுசா எழுதிடறேன்.

பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கிற சர்க்கரை டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்து, போன வாரம்தான் போனேன். இந்தத் தடவை முழுசாக் குடிச்சேன். அளவு எகிறியிருந்தது. டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, அப்போ நார்மலா இருந்துதேன்னு யோசிச்சாங்க. வாஷ்பேசின் கதையைச் சொன்னேன். திட்டக்கூட இல்ல. "பரீட்சைன்னு நினைச்சீங்களாம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

வாண்டு பிறந்தப்போ தோள் சிக்கிக்கிட்டது, அவனுக்குச் சர்க்கரை இறங்கிப் போய்க் கண்ணாடிப் பெட்டியில வச்சது, எல்லாம் உனக்குத் தெரியும். கொழுகொழுன்னு பிறந்திருக்கான்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். எனக்குச் சர்க்கரை கூடியிருந்ததாலதான் இருக்கும்ங்கிறாங்க. அப்பவே தெரிஞ்சிருந்தா சாப்பாட்டை மாத்தியே கட்டுக்குள்ள வச்சிருக்கலாமாம். அவன் தூங்குறப்போ அந்தத் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

உனக்கு ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா உன் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அதைக் கெடுத்தது நான். என் மேல இருக்கிற கோபத்துல டெஸ்ட்டை விட்டுடாதே. திரும்பப் போ. அக்கா பேச்சைக் கேட்டு ஊத்திட்டேன்னே நர்ஸ்கிட்ட சொல்லு. உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு, அவர் என்னைத் திட்டட்டும். குமட்டினா அவங்ககிட்டயே கேளு, வழி சொல்லுவாங்க. நான் சொல்றதைக் கேட்காதே.

என்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல. போயிட்டு வந்தேன்னு மட்டும் சீக்கிரம் பதில் போடு.

அக்கா