ஆதாரம் எழுந்து நின்றது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே கல்லூரியில் பாடத்துக்கு வெளியே செய்யும் வேலைகளுக்கும் மதிப்பெண் உண்டு. என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். நான் முதலுதவிக் குழுவில் சேர்ந்து, 'ஆபத்தில் பதறாமல் உதவக் கற்பேன்' என்று எழுதினேன். கரப்பான்பூச்சிக்கே ஊரைக் கூட்டுகிறவளாயிற்றே, சிரிக்காதீர்கள்!

நேற்று மதிப்பீடு. "பதறலைங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று பேராசிரியை கேட்டார். நான் பையைத் துழாவினேன்.

"நான்தான் மேடம் ஆதாரம்!" என்று ஒரு தோழி எழுந்தாள். போன மாதம் விடுதியில் சாப்பிடும்போது அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான்தான் பின்னால் நின்று, வயிற்றை அழுத்தி, அடைத்த கவளத்தை வெளியே வரவைத்தேன்.

"இவ கை நடுங்கவே இல்ல மேடம்!"

முழு மதிப்பெண், அப்பா! அன்று அறைக்கு வந்தபின் நடுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

குளிர்கிறது. அம்மாவின் போர்வையை அனுப்புங்கள். அவள் கடைசியாகப் போர்த்திய பழையதே போதும், துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் செல்ல மகள்