விரல் தெரிகிற சிவப்பு

மே 6, 2008. செவ்வாய்.

காலையிலேயே அனல். லீவு போட்டுவிட்டு என் மனைவி ரெஜினாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரும் திங்களிலிருந்து கழுத்தில் கரண்ட் வைக்கிறார்கள், அதாவது கதிர்வீச்சு. டாக்டர்: "நாக்குல ருசி போயிடும்மா. சில பேருக்குத் திரும்பும். உறுதியா சொல்ல முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு ஒரு சிவப்பு ஒயின் வாங்கி வருவாராம். "பேரு தெரியலிங்க. லேசா இருக்கும். கிளாசுக்குப் பின்னால வெரல் தெரியும். செவப்புப் பழ வாசன. திங்கக்கெழமக்கு முன்னாடி ஒரு வாய் போதும்."

டாக்டருக்குப் போன். ஒரு வாய் தப்பில்லையாம்.

மே 7. புதன்.

மோர் தீர்ந்துவிட்டது. பால் வாங்க வேண்டும்.

ஜங்ஷன் பக்கம் ஒயின் ஷாப்பில் கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. "ஒயின் ஷாப்புல ஒயினு ஏது சார்? பிராந்தி இருக்குது, பீரு இருக்குது." பின்னால் நின்றவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 8. வியாழன்.

மறுபடி லீவு, மறுபடி புதுச்சேரி. கடைக்காரர் பொறுமையானவர். லேசான சிவப்பு என்றதும் மூன்று எடுத்து வைத்தார்.

கமே. பிரான்சு.
பினோ நுவார். அதுவும் பிரான்சு, வேறு ஊர், வேறு திராட்சை.
வால்போலிசெல்லா. இத்தாலி. வாயில் நுழையாத பேர்.

"ஃப்ரிட்ஜுல வச்சிடாதீங்க சார். ரெட் ஒயினுக்கு ரூம் டெம்பரேச்சர்தான்."

செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். மேலாக ஸ்கேன் படம். பார்த்துவிட்டு, போங்க என்றார்கள்.

மே 9. வெள்ளி.

கமே: "காரமா இருக்குதுங்க. இருமல் மருந்து மாதிரி." பினோ: "பழமே இல்ல." இத்தாலி: வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றிலும் விரல் தெரிந்தது.

"போதும், உட்டுடுங்க" என்றாள். எனக்குக் கோபம். கடைக்காரர் மேல், திங்கட்கிழமை மேல். பயம்தான், கோபம் என்று எழுதுகிறேன்.

மே 10. சனி.

செராமிக் கம்பெனியில் சூளை மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. ரூம் டெம்பரேச்சர் என்றால் யாருடைய ரூம்? பிரான்சுக்காரன் ரூம். மே மாதத்து விருத்தாசலம் ரூம் இல்லை. டிகிரி பார்ப்பதுதான் என் பிழைப்பே. மடையன்.

வீட்டுக்கு வந்தால் மின்வெட்டு. மூன்று பாட்டிலையும் பானைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

மே 11. ஞாயிறு.

பூசைக்குப் போய் வந்தாள். கமேவை ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தாள். குடித்தாள்.

"இதாங்க. எங்கப்பா வூட்டு வாசன."

அழுதாள். நானும்.

பிறகு கிளாசை என்னிடம் நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் குடிங்க. ருசி திரும்பலன்னா, எப்டி இருந்துச்சுன்னு நான் கேப்பேன். நீங்கதான் சொல்லணும்."

நான் குடிக்கிறவன் இல்லை. குடித்தேன். மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

லேசு. புளிப்பு. மாதுளை. இல்லை, மாதுளை இல்லை. விழுங்கிய பிறகு ஏதோ ஒன்று வருகிறது, அதற்குப் பேர்

"என்னங்க, எழுதிட்டீங்களா?" என்கிறாள்.

இன்னொரு வாய் குடித்துப் பார்க்கிறேன்.