கிளச் இல்லாத மொறிஸ் மைனர்

என் யோகனுக்கு, என் தங்கை மலரின் யோகனுக்கு,

உன் கார் ஓடுகிறது மச்சான். வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்பாய். சுகம் விசாரிக்க மாட்டாய். என் கராஜ் வாசலில் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, "என்ன மச்சான், ஸ்ராட் வந்ததோ?" என்பாய். வந்தது. நாலு சிலிண்டரும் ஒன்றாக வேலை செய்கின்றன.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

சண்டைக்காலத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலத்தில் கிளிநொச்சியில் நீ ஓட்டிய மொறிஸ் மைனர் அது. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தச் சில துளியை நீ கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் சேட்டின் நெஞ்சுப் பையில் வைத்திருப்பாய். பிள்ளை பெறப் போகிறவர்கள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சலில் பிதற்றியவர்கள் என்று எத்தனை பேரை அந்தப் புகைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய்! நீ ஓட்டினாய், நான் திருத்தினேன். என் தங்கையைப் பார்க்க வந்ததும் அதே காரில்தான். வேட்டியெல்லாம் மண்ணெண்ணெய் மணம். "இவரைக் கட்டினால் விளக்குக்கு எண்ணெய் வாங்கத் தேவையில்லை" என்று மலர் குசினிக்குள் நின்று சொன்னது உனக்கும் கேட்டது. கலியாணமாகி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு கடைசிச் சண்டை வந்தது. எல்லோரும் கிழக்கே கிழக்கே போனோம். இரணைப்பாலையில் காரைக் கைவிட்டோம். மாத்தளன் கடற்கரையில் உன் இடதுகால் போனது. இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது, நீயும் அதைப் பற்றிக் கதைத்தவன் அல்லன்.

ஒரு முறை மட்டும் கதைத்தாய். செட்டிகுளத்து அகதி முகாமில், தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது. "மச்சான், இல்லாத கால் கிளச்சை மிதிக்குதடா. நித்திரையில இல்லை, முழிச்சிருக்கேக்கதான். கியர் மாத்தப் போற மாதிரியே இருக்கு." நான் உன் வாளியையும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

முகாமிலிருந்து வந்தபின் காரைத் தேடிப் போனோம். புதுக்குடியிருப்புப் பக்கம் துருப்பிடித்த வாகனங்களை மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். பின்கதவில் நான் பூசிய பொருந்தாத பச்சைப் பெயின்றை வைத்து நீதான் அதைக் கண்டுபிடித்தாய். பொனற்றைத் திறந்தால் எஞ்சினும் இல்லை, கியர் பொக்சும் இல்லை. வெறும் குழி. "பரவாயில்லை, உடம்பு கிடைச்சிட்டுது" என்றாய். அந்த இடத்தில், அந்த ஊரில், அந்தச் சொல்லைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிராக்டர் பெட்டியில் ஏற்றி உருத்திரபுரத்துக்குக் கொண்டுவந்தோம். உன் வீட்டுப் பாலை மரத்தின் கீழ் அது வருடக்கணக்காக நின்றது. முகாமுக்குப் பிறகு தொடங்கிய உன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, எஞ்சின் இல்லாத காரின் ஓட்டுநர் இருக்கையில் இருந்து பேப்பர் வாசிப்பாய். மலர் தேத்தண்ணீரை ஜன்னல் வழியாகத் தருவாள். ஆனால் என் வான் வண்டியில் முன்பக்கம் இருக்கச் சொன்னால் மட்டும் வரமாட்டாய். பின்னால் சாமான்களோடு இருப்பாய். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் சும்மா இருப்பது உன்னால் முடியாது என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கனடாவிலிருந்து வந்த உன் சித்தப்பா மகன் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தானே, அவன் உன்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போன அன்று நீ நேரே கராஜுக்கு வந்தாய்.

"மச்சான், அவன்ர காருக்கு ரெண்டு பெடல்தானடா. இடதுகாலுக்கு வேலையே இல்லை!"

"ஓம், ஓட்டோ கியர். கியர் தானா மாறும், கிளச் இல்லை. அதுக்கென்ன?"

"மொறிசுக்குள்ள அப்பிடி ஒண்டைப் போடேலாதோ?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திவிட்டு யோசித்தேன். புதிய எஞ்சின்களுக்குக் கம்பியூட்டர் வேண்டும், கட்டுக்கட்டாக வயர் வேண்டும், அது என் கைக்குச் சரிவராது. காபரேட்டர் உள்ள பழைய யப்பான் எஞ்சின் வேண்டும். அதோடு பிறவியிலேயே ஓட்டோ கியர் பொக்ஸ் பூட்டியதாக இருக்க வேண்டும், பின்சக்கரங்களை இழுப்பதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இந்தப் பக்கம் கிடைப்பது அரிது. "தேடு" என்றாய். தேடினேன். மன்னார் வரைக்கும், அநுராதபுரம் வரைக்கும் சொல்லி வைத்தேன்.

கடைசியில் நெளுக்குளத்தில், பழைய வாகனம் உடைத்து விற்கிற ஒருவர் அழைத்தார். நாங்கள் தேடிய அதே ஓட்டோ கியர் வகை, பின்னால் லொறி இடித்து நசுங்கிய பழைய யப்பான் கார், முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. நான் ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினேன். இறுக்கமில்லாமல் சுற்றியது. நீ குனிந்து காதை வைத்து, "மூச்சு வருதடா" என்றாய். திரும்பி வரும்போது வான் வண்டியின் பின்னால் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து, அது உருளாமல் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாய். கண்ணாடியில் பார்த்தேன். மடியில் பிள்ளையை வைத்திருக்கிறவன் போல இருந்தாய்.

வேலை நாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. புது எஞ்சின் உயரம். அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டி ஸ்டியரிங் கம்பியில் முட்டியது. சட்டியை வெட்டி, ஒடுக்கி, திரும்ப ஒட்டினேன். கியர் பொக்ஸ் பருமன், அதற்காகக் காரின் நடுத்தரையையே வெட்டித் திறந்தேன். நீ ஒரு பலகையில் இருந்து காபரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்தையும் பெற்றோலில் கழுவி, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "இதை நான்தான் பூட்டுவன், நீ தொடாதை" என்றாய். பூட்டினாய். மூடியின் ஆணிகளை இறுக்கிவிட்டு, பழைய சேட்டுத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தாய்.

எஞ்சினைக் காருக்குள் இறக்கிப் பார்க்க, சங்கிலியில் தூக்கி வைத்திருந்த கிழமை அது. காலையில் மலர் அழைத்தாள். "அண்ணா, இவருக்கு நெஞ்சு நோகுதாம்" என்றாள். நான் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

உன்னை எரித்துவிட்டு வந்து கராஜைத் திறந்தபோது எஞ்சின் அப்படியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றவும் மனமில்லை, இறக்கவும் மனமில்லை. எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து மலர்தான் வந்து பார்த்தாள். "அதை நிலத்தில இறக்கி வையுங்கோ அண்ணா. கீழ ஆரும் வந்து நிண்டிட்டா ஆபத்து." இறக்கி வைத்தேன். அதன்பின் கனகாலம் அதைத் தொடவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இனி எதற்கு ஓட்டோ கியர், சாதாரணக் கிளச் கியர் பொக்சைப் போட்டால் வேலை சுகம், கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்றார்கள். சரியான கதைதான். நான் மலரிடம் போய்க் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உங்களிட்ட என்ன கேட்டவர்?"

"ரெண்டு பெடல்."

"அப்ப ரெண்டு பெடல்தான்."

தலைநிமிராமல்தான் சொன்னாள். சுளகு மட்டும் கொஞ்ச நேரம் அசையவில்லை.

அப்படித்தான் திரும்பத் தொடங்கினேன். எல்லாம் பூட்டி முடித்து ஸ்ராட் எடுத்தால், எஞ்சின் பிடித்தது, ஆனால் இருமியது. கறுப்புப் புகை. பெற்றோல் வழிந்தது. கோளாறு காபரேட்டருக்குள் என்று முதல் நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தும் பிளக்கை மாற்றினேன், பொறி விழும் நேரத்தைத் திருத்தினேன், வயரை மாற்றினேன். காபரேட்டரைத் தொடவில்லை. அந்த ஆணிகளைக் கடைசியாக முறுக்கியது உன் கை. அதை எப்படிக் கழற்றுவேன்? கழற்றினால் உன் கை போட்ட இறுக்கம் போய்விடும். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சிரிப்பார்கள்.

ஒருநாள் கழற்றினேன். வேறு வழியில்லை. உன் பிழை ஒன்றும் இல்லை மச்சான், அதை நீ அறிய வேண்டும். மொறிசின் பழைய பெற்றோல் தாங்கியிலிருந்து வந்த ஒரு துருத் துணுக்கு, பெற்றோலை மறிக்கிற ஊசியின் வாயில் இருந்து, அதை மூடவிடாமல் செய்திருந்தது. மற்றவையெல்லாம் பளபளவென்று நீ வைத்தபடியே இருந்தன. துணுக்கை எடுத்தேன், தாங்கியைக் கழுவினேன், மூடியைத் திரும்பப் பூட்டினேன். நீ இறுக்கிய அளவு எவ்வளவு என்று என் கைக்கு ஓரளவு தெரியும். அந்த அளவுக்கே இறுக்கினேன்.

அதன்பின் அது ஒரே சீராக ஓடியது. மலர் கேட்கவென்று கைபேசியில் அழைத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நான் எஞ்சினை நிறுத்தும்வரை அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உருத்திரபுரம் போகிற றோட்டில் முதன்முதல் ஓட்டிப் பார்த்தேன். வேகம் கூடியதும் என் இடதுகால் தன்பாட்டில் எழும்பி, இல்லாத கிளச்சை மிதித்தது. உள்ளங்கால் வெறும் தகட்டில் இடித்தது. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். உனக்கு இப்படித்தான் இருந்ததா? வருடக்கணக்காக, தினமும்?

இனிப் புதுக் கதை, உனக்குத் தெரியாதது.

எங்கள் பக்கத்து முன்பள்ளியில் தவமணி ரீச்சர் என்று ஒருவர் படிப்பிக்கிறா. அவாவுக்கும் இடதுகால் இல்லை, பொய்க்கால். கராஜ் வாசலில் நின்று காரைப் பார்த்துக்கொண்டே கேட்டா.

"அண்ணை, இதுக்கு இடதுகால் தேவையில்லையாமே, உண்மையோ?"

"உண்மைதான் ரீச்சர்."

"எனக்கு ஓட்டப் பழக்குவீங்களோ? அம்மா கொக்கிளாயில தனிய இருக்கிறா. பஸ் மாறி மாறிப் போறது இந்தக் காலோட ஏலாது."

"இது வேறொராளுக்காகச் செய்த கார் ரீச்சர்" என்றேன். அவா உடனே, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, தெரியாமக் கேட்டிட்டன்" என்று திரும்பிப் போனா. போகிற நடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலரிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. "அந்த சீற் என்ன சாமி இருக்கிற இடமோ அண்ணா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் விருப்பமில்லைதான். வேறொராள் அதில இருக்கிறதைப் பாக்கேலாது. ஆனா அவா தாயைப் பாக்கப் போகவேணும். இவர் இருந்தா ஏத்திக்கொண்டு போயிருப்பார்தானே?"

போயிருப்பாய். சேட்டுப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருப்பாய்.

அடுத்த நாள் நானே முன்பள்ளிக்குப் போய் அவாவைக் கூட்டிவந்தேன். இப்போது அறுவடை முடிந்த வயலில் பழகுகிறா. எஞ்சின் மாற்றியதைப் பதிகிற அலுவலும், அவாவின் லைசன்ஸ் அலுவலும் நடந்துகொண்டிருக்கின்றன, அது வரைக்கும் வயல்தான். நான் பக்கத்தில் இருக்கிறேன். மலர் பின்னால் இருக்கிறாள். முதல் நாள் ரீச்சர் பிரேக்கை ஒரேயடியாக மிதித்து, நாங்கள் மூவரும் முன்னால் போய் விழப் பார்த்தோம். "ஐயோ, கார் செத்துப்போச்சோ?" என்று அவா பயந்து கேட்க, மலர் சிரித்துவிட்டாள். நீ போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். உனக்குச் சொல்ல வேண்டும் என்று வலப்பக்கம் திரும்பினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்வையோடு ரீச்சர் இருந்தா.

நீ அங்கே இருந்திருக்க வேண்டும் யோகன். எனக்கு வேறு ஆறுதல் ஒன்றும் இல்லை, நல்ல காரியம் நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் போதவில்லை. ஒரு கிலோமீற்றர், ஒரே ஒரு கிலோமீற்றர் நீ அதை ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ரீச்சர் முதன்முதல் கொக்கிளாய்க்குப் போகிற அன்று மலரும் கூடப் போகிறாள். கடலைப் பார்க்க வேண்டுமாம். மாத்தளனுக்குப் பிறகு அந்தக் கடற்கரைப் பக்கம் போக அவள் இத்தனை வருடம் சம்மதிக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். நானும் ஏறினால் ரீச்சர் ஒவ்வொரு வளைவிலும் என் முகத்தைத்தான் பார்ப்பா. அதனால் போகமாட்டேன். எண்ணெய், தண்ணீர், பிரேக், காற்று எல்லாம் பார்த்து, பொனற்றை மூடி, கையைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். உன் மனைவி போய் வருகிற எந்தப் பாதையிலும் அந்தக் கார் அவளை நடுவழியில் விடாது. என் கையில் ஸ்பானர் பிடிக்கத் தெம்பு உள்ளவரை அதற்கு நான் பொறுப்பு.

உன் மச்சான்,
மலரின் அண்ணன்,
சிவம்