ஆறு மணி நடை

திருகோணமலை,
14.12.1974

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். வாதம் வந்த உங்கள் இடது கால் எப்படி என்று மறைக்காமல் எழுதுங்கள்.

டொக்டர் உங்களுக்குச் சொன்ன அந்தப் பத்து நிமிட நடையை, நாம் பேசிக்கொண்டபடி, ரேடியோவில் காலை ஆறு மணி அடிக்கும்போது நானும் செய்கிறேன். நீங்கள் மன்னாரில்; நான் இந்தத் துறைமுக வீதி வீட்டின் மேல்மாடியில், நின்ற இடத்திலேயே, உங்கள் வேகத்துக்கு மெதுவாக இருநூறு அடி. ஒரு நாளும் தவறவில்லை.

கீழே இருக்கும் வீட்டுக்காரி இன்பமலர் போன கிழமை கேட்டா: "என்ன ரீச்சர், ஐயா வந்து நிக்கிறாரோ? காலமையில ரெண்டு பேரெல்லோ நடக்கிறியள்."

"பழைய பலகை, எதிரொலிக்கும்" என்றேன்.

"ஓம், ஓம். ஆனா மற்ற ஆளின்ர ஒரு கால் பிந்தி விழுகுது."

உங்கள் காலைப்பற்றி நான் அவவிடம் சொன்னதேயில்லை. பக்கத்து அறையில் நடந்து பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் கேட்டதாம். எனக்கு இவற்றில் நம்பிக்கையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரிப்பதற்காகவே எழுதுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீங்கள் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், நடக்கும்போது சத்தம் கேளாமல் காலடியில் விரிக்க.

முந்தாநாள் வியாழக்கிழமை இன்பமலர், "இண்டைக்கு நீங்கள் தனியத்தான் நடந்தனீங்கள்" என்றா. நேற்றும் இன்றும் அப்படியேதானாம்.

தபால் கட்டுகிற நேரமாகிவிட்டது. இந்த மூன்று நாளும் மழையென்று நடக்காமல் சோம்பிப் படுத்திருந்தால் அதையே எழுதுங்கள், கோபிக்கமாட்டேன். உங்கள் தங்கச்சியைக்கொண்டு எழுதுவிக்க வேண்டாம். உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

சீலா