உன் கோபுரத்தைப் பார்க்க வந்தவள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உடம்பு சரியில்லாதவனால் இத்தனை வேகமாக ஃபோனைத் துண்டிக்க முடியாது. சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். இங்கே மழை விட்டுவிட்டது, மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மாற்றியாயிற்று, எதிர்வீட்டுத் தையற்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, உன் அப்பா மூக்குக் கண்ணாடிக் கடையை மதியமே பூட்டிவிட்டு வந்து விமானம் ஓட்டுகிறார். ஊர் பார்வையெல்லாம் சரிசெய்து அனுப்புகிற மனுஷன், வீட்டில் திரையை முட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓடுபாதை எங்கே என்று என்னைக் கேட்கிறார்.

போன தடவை வந்தபோது நீ உன் பழைய அறையில் விமானம் ஓட்டுகிற அந்த சிமுலேட்டர் விளையாட்டையும், கூடவே விமான நிலையக் கோபுரத்திலிருந்து வழி சொல்கிற மாதிரி நீ செய்து விற்கிற அந்த கன்ட்ரோல் டவர் மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்று பிடித்தது இது. குரல் கொடுக்க ஆள் வைத்தால் செலவாகும் என்று அதில் பேசுகிற அதிகாரியின் குரலையும் நீயே பேசிப் பதிவு செய்திருக்கிறாய். நாள் முழுக்க அந்த அறையிலிருந்து உன் குரல் கேட்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி ஒரு பக்கம் திரும்பாதவர், நீ இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறார், காத்திரு என்றால் வானத்தில் வட்டமடித்துக்கொண்டு காத்திருக்கிறார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அதையும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பிக்கிறார். ஒருநாள் காய்கறி வாங்கி வரச் சொன்னேன், கத்தரிக்காய், தக்காளி, பெறப்பட்டது என்றார். வாங்கி வந்தது வெங்காயம்.

இதோடு விட்டிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் ஊரெல்லாம் என் பையன் விமானங்களைக் கட்டுப்படுத்துகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற விமானம் என்ற ஒரு துண்டை மட்டும் மென்று முழுங்கிவிட்டார். உன் சித்தப்பா மகன் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, விமானம் கிளம்பவில்லை, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இவருக்கு ஃபோன் செய்தான். பார்க்கிறேன் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு இவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகக் கிளம்பிவிட்டது. அவன் நன்றி சொல்லிப் பூங்கொத்துப் படம் அனுப்பினான், இவர் அதைக் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். நீ மட்டும் யோக்கியமா? வீடியோவில் பேசும்போது உன் பெரியப்பா இன்றைக்கு எத்தனை விமானம் இறக்கினாய் என்று கேட்டதற்கு, நிறைய பெரியப்பா என்று பல்லைக் காட்டினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை உனக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். அந்தப் பெண் நிஜமான விமான நிலையத்தில், நிஜமான கோபுரத்தில், நிஜமான விமானங்களை இறக்குகிற அதிகாரி. ராத்திரி வேலை, மாறி மாறி வருகிற வேலை நேரம் என்று சொல்லி இரண்டு இடம் தட்டிப் போயிருக்கிறது. அதே வேலையில் இருக்கிறவன் என்றால் விளக்கம் சொல்லத் தேவையில்லையே என்று உன் பெயருக்குத் தலையாட்டியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். அத்தை எல்லாம் சொல்லியிருந்தும் உன் அப்பா என்னிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்கே வாசலில்தான் தெரிந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது.

டீ கொடுத்தேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், உங்கள் மகன் கோபுரத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று. மெயின் பிரிவில் என்றார் உன் அப்பா. வேலை நேரம் எப்படி என்று கேட்டாள். காலை பத்திலிருந்து மாலை ஆறு, சனி ஞாயிறு லீவு என்றார். அவள் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சனி ஞாயிறு அங்க விமானம் பறக்காதா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் அம்மா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உன் அப்பா என்னைப் பார்த்தார். அவரைக் காப்பாற்ற எனக்கு அப்போது ஒரு பொய் தோன்றியது, ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. பெரியப்பாவிடம் நீ பல்லைக் காட்டியது வரை உள்ளதைச் சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து விளையாட்டாக விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, நிஜ அதிகாரி பேசுகிற மாதிரிப் பேசுகிற ஒரு மென்பொருளை அவன் செய்து விற்கிறான், நல்ல வேலைதான், ஆனால் அதில் எந்த விமானமும் இல்லை என்றேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அதைப் பார்க்கலாமா என்று கேட்டாள். உன் அறைக்குக் கூட்டிப் போனோம். தரையில் உன் அப்பா மடிக்காமல் போட்டிருந்த துணியை நான் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசினாள், நாங்களும் கேட்கட்டும் என்று உன் குரலை ஸ்பீக்கரில் விட்டார் உன் அப்பா. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகச் செய்திருக்கிறார், எங்கள் ஆட்கள் மாதிரியே சலிப்பாகப் பேசுகிறது என்றாள். உன் அப்பாவுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. பிறகு அவள் விமானத்தை மேலே ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே இன்ஜினை அணைத்துவிட்டு, மேடே மேடே என்றாள். ஆபத்து வந்தால் விமானி சொல்கிற வார்த்தையாம். இன்ஜின் நின்றுவிட்டது என்றும் சொன்னாள். உன் குரல், ஐயாயிரம் அடிக்கு ஏறுங்கள், நல்ல நாளாக அமையட்டும் என்றது. இன்னொரு தடவை சொன்னாள். அதே பதில், அதே இனிமை. திரையில் விமானம் வயல்வெளியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். போன வருஷம் ஒரு சின்ன விமானத்தில் இப்படி நடந்ததாம், பயிற்சிக்குத் தனியாக ஓட்டி வந்த பெண்ணாம், இவள்தான் தரைக்கு வரும்வரை கூடவே பேசி இறக்கியிருக்கிறாள். "மேடேன்னு ஒரு குரல் வந்தா மத்த எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டு, அந்த ஒருத்தர்கிட்ட உங்களுக்கு என்ன வேணும்னு கேட்போம் ஆன்ட்டி. எங்க வேலைல அதுதான் முக்கியம். மத்ததெல்லாம் மனப்பாடம்" என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். இப்போதும் ஓட்டுகிறாளாம்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவளே சொல்லிவிட்டாள், அத்தை வழியாகச் சொல்லியனுப்பவில்லை. "அவர் வேலைல ஒரு குறையும் இல்ல. அதைப் பத்திப் பொய் சொன்னாங்க, அவரும் திருத்தல. எனக்கு வேண்டாம் ஆன்ட்டி." சரிதான்மா என்றேன். மருமகளாக வந்திருந்தால் என்னோடு நன்றாகச் சண்டை போட்டிருப்பாள், எனக்கு வருத்தம்தான்.

உன் அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போருக்குப் போவது போலப் போனார். மருந்துக் கடைக்காரரிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அவர் மாத்திரையை எண்ணிக்கொண்டே, "அது எங்க எல்லாருக்கும் தெரியுமே சார். உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சோம், மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல" என்றாராம். திரும்பி வந்து அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை. கொஞ்சம் கழித்து அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எனக்கு விமானமெல்லாம் ஒன்றும் பிடிக்காது, தலைதான் சுற்றுகிறது, அவன் குரல் கேட்கிறதே என்று போடுகிறேன் என்றார். ஃபோனில் ரெண்டு நிமிஷம் பேசுகிற பையன் அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறான் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மழை ஆரம்பித்த சமயம் இவருக்கு நெஞ்சு கனக்கிறது என்று ஆஸ்பத்திரி நடையில் நின்று உனக்கு ஃபோன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சரிம்மா, மீட்டிங்கில் இருக்கிறேன், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டாய். நல்ல இனிமையாகத்தான் சொன்னாய். வெறும் வாயு என்று டாக்டர் சொன்னது பிறகு. அப்போது எனக்கு அது தெரியாது. அன்று அந்த அறையில் உன் குரல் ஐயாயிரம் அடிக்கு ஏறச் சொன்னபோது, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தேன். மென்பொருளை உன்னால் சரிசெய்ய முடியும், நீ கெட்டிக்காரன். மற்றதையும் முடியும் என்றுதான் நினைக்கிறேன், நான் பெற்ற பிள்ளை என்பதால் இந்த நம்பிக்கை.

வேளைக்குச் சாப்பிடு. ஒரே தலையணையை மூன்று வருஷம் வைத்திருக்காதே. எந்த ஆபத்தும் அண்டாமல் நீண்ட காலம் நன்றாக இரு, உன் கையால் தொட்டதெல்லாம் துலங்கட்டும். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இதை எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பத் திட்டாதே என்றார். கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்காக இல்லை, அது முடிந்த கதை. மனுஷன் என்பதற்காக. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. மெசேஜில் கேட்டால் தர மாட்டேன். கூப்பிட்டுக் கேள், நானும் உடனே தந்துவிட மாட்டேன், முதலில் ஃபோனை அப்பாவிடம் கொடுப்பேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா