சயாமுக்குப் போனவரின் பிள்ளைகள்

செப்டம்பர் 9, 2025

திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து தொடங்கியாயிற்று. எண்பத்து மூன்று வயதிலும் அப்பா பந்தலுக்கு அடியில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். என் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். மத்தியானம் மாதா கோவில் பங்குச்சாமியார் போன் செய்தார்.

"பெனிட்டா, ஒங்க தாத்தா பேரு சவரிமுத்துதானே? மலேசியாவுலருந்து ஒரு அம்மா அவரு பேரு இருக்குற ஞானஸ்நான ஏட்டத் தேடி வந்திருக்காக. அவரோட மகளாம்."

கையில் இருந்த மாத்திரை அட்டையை யாருக்காக எடுத்தேன் என்பதே மறந்துபோயிற்று.

செப்டம்பர் 10

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? காலையிலிருந்து இதே யோசனை.

தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து லீவில் வந்து கல்யாணம் முடித்து, 1941-ல் திரும்பிப் போனார். அப்பத்தா வயிற்றில் அப்பா. அந்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் மலேயாவுக்குள் நுழைந்தான். கப்பல் நின்றது, தபால் நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், தாத்தாவை சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், அங்கே காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்றாராம். சவரிமுத்து செத்ததைப் பார்த்தாயா? பார்க்கவில்லை.

அதனால் அப்பத்தா விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. இருபது வயது. மறுகல்யாணப் பேச்சு வந்தபோது, செத்ததற்குச் சாட்சி வேண்டும் என்று கோவிலில் சொல்லிவிட்டார்களாம். ஏலக்காட்டில் கூலிக்குப் போய் அப்பாவை வளர்த்தாள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரே 'சயாம்'.

சாயங்காலம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அப்பா கவாத்துக் கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு, "வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 11

வந்தார். அந்த மலேசியா அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, கூன் விழாத முதுகு, அப்பாவின் அதே மூக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை.

"அப்பா உயிரோடதான் திரும்பி வந்தாருங்க, அண்ணே. வலது கால் போச்சு. புண்ணு அழுகி, காட்டுலயே அறுத்துட்டாங்களாம். வந்தும் ரொம்ப நாளு யார்கிட்டயும் பேசல. எங்கம்மாவோட முதல் வீட்டுக்காரரும் அந்த ரயில் பாதையிலதான் செத்தாரு. அம்மாதான் இவருக்குச் சோறு போட்டாங்க. அப்புறம் நான் பிறந்தேன்."

"எப்பச் செத்தாரு?" என்றார் அப்பா.

"எழுபத்து நாலுல."

"எழுபத்து நாலா? அப்ப எங்க ஆத்தா ஏலக்காட்டுக்குப் போயிட்டு இருந்துச்சு." அப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, "நான் பொறந்தது அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"வயித்துல புள்ளன்னு மட்டும் தெரியும். ஆணா பொண்ணான்னு கடைசி வரைக்கும் தெரியாது. சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எங்ககிட்டயே சொன்னாரு. ஒத்தக் காலோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போறதுன்னு அழுதாரு."

அப்பா எழுந்துவிட்டார். "யார் மூலமாவது ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்ல? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எங்க ஆத்தா எந்திரிச்சுப் பாக்கும். சாகுற வரைக்கும் பாத்துச்சு. நீங்க கெளம்புங்கம்மா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "என் பேரைக்கூட நீங்க கேக்கலையே, அண்ணே. மதலேனாள். அப்பா வச்ச பேரு."

அப்பாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"அது எங்க ஆத்தா பேரு."

அந்த அம்மாவுக்கும் அது இத்தனை வருஷம் தெரியாது. முகத்திலேயே தெரிந்தது. அப்பா அவரைத் தாண்டி நடந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நான்தான் அவரைக் கம்பம் டவுனில் ஒரு லாட்ஜுக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன்.

செப்டம்பர் 12

அப்பா சாப்பிடவில்லை.

செப்டம்பர் 13

யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல. தாத்தா மேலயா? காலை இழந்துட்டு வந்த மனுசன் மேல எப்படி? அந்த அம்மா என்ன பண்ணுச்சு — பொறந்துச்சு, அவ்வளவுதானே. அதோட அம்மா, புருஷனப் பறிகொடுத்து நின்னவ, இன்னொருத்தனுக்குச் சோறு போட்டா. அதுல என்ன தப்பு? ஆனா எங்க அப்பத்தா? சண்டை போட்ட எவனாவது எங்க ஊரு ராயப்பன்பட்டியக் கேள்விப்பட்டிருப்பானா?

நாலு மணிக்கு அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அந்தம்மா எந்த லாட்ஜுல இருக்கு? வண்டிய எடு."

போனதும் அவர் கேட்டது ஒன்றுதான். "ஒங்கள அவரு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரா?"

"முழுப் பேருதான், அண்ணே. எல்லாரும் லேனான்னு சுருக்குவாங்க. அவரு விடமாட்டாரு. தோட்டத்துக்கே கேக்கற மாதிரி கத்திக் கூப்பிடுவாரு."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க ஆத்தாவ இங்கன யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. சயாம்காரன் பொண்டாட்டிம்பாக. அப்படியே செத்தும் போச்சு."

அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா தயங்கித் தயங்கி அவர் கையைப் பிடித்தார். நான் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் நின்றேன்.

செப்டம்பர் 16

அத்தை கிளம்பிவிட்டார். போகும்முன் அப்பத்தா கல்லறைக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க பேரைக் கெடுக்காம இருந்திருக்கேன்மா" என்றார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பத்தா கல்லறைக்குப் பூப்போட்டு முடிக்கையில் அத்தையின் வீடியோ கால். அவரும் அங்கே கல்லறைத் தோட்டத்தில்தான் நின்றிருந்தார். தாத்தாவின் சிலுவைக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனார்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பையன்தான்யா பொறந்தேன்," என்றார். "அருளப்பன்னு பேரு வச்சாக."

சுற்றிலும் ஊரே நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. திரையில் அத்தை மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏத்தா," என்றார் அப்பா, "மழையில நிக்காத. வீட்டுக்குப் போ. போயிட்டுப் போனப் போடு."