ஊதக் கூடாத டீ

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இவருக்கு ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தோம். பக்கத்தில் லால்பேட்டை நஸீமா, சின்ன மகளோடு. என் வீட்டுக்காரருக்கு வந்த அதே மோயாமோயாதான் அந்தப் பிள்ளைக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டே வரும் நோய். வாங்கி வந்த டீயில் அதற்கும் கொஞ்சம் கொடுத்து, "சூடா இருக்கு, ஊதிக் குடி பாப்பா" என்றேன்.

நஸீமா டம்ளரைப் பிடுங்கிவிட்டாள். "ஊதச் சொல்லாதீங்கக்கா! ஜாஸ்தி மூச்சு வாங்குனா இவளுக்குக் கை துவண்டுடும். அழவும் விடறதில்ல. அப்படிக் கை துவண்டுதான் நோயே தெரிஞ்சிது. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்ங்கறாங்க."

இவருக்கு ஏன் அப்படி முன்னாடியே தெரியவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தாம்மா. பெரியவங்கள்ல சில பேருக்கு நேரா மூளையில ரத்தம் கசிஞ்சிடும்" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு நோய் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. இவர் நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டரைவிட்டு இறங்கினார், விழுந்தார். பேச்சு போனது போனதுதான்.

வயிறு எரிகிறது. பிள்ளையைப் பார்த்தா? இல்லை, நஸீமாவைப் பார்த்து. டீயை ஆற்றிக் கொடுத்தால், அழவிடாமல் பார்த்துக்கொண்டால், மகளைக் காத்துவிட்டதாக அவள் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அப்படிச் செய்ய ஒரு வேலைகூட யாரும் சொல்லவில்லை.

இவர் ஊதிக் குடிக்கலாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இருந்தும் சாயங்காலம் இவருடைய பாலைப் பச்சைத் தண்ணீராகும்வரை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.